யாருடி இந்த திலக்?

புதுவாயல் சாலையில் கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் பிரவுசிங் சென்டரின் பிளைவுட் தடுப்புகள் அதிர்கின்றன. கடைசித் தடுப்புக்குள் பள்ளிச் சீருடையும் ரிப்பன் கட்டிய ரெட்டைச் சடையுமாகத் திலகவதி உட்கார்ந்திருக்கிறாள். திரையின் நீல வெளிச்சத்தில் சாட் ரூம் ஓடுகிறது. ஆணா, பெண்ணா என்று திருச்சியிலிருந்து ஒருவன் கேட்கிறான். ஆண், பெயர் திலக் என்று விரல்கள் தயங்காமல் தட்டுகின்றன. "சொல்லு மச்சி" என்று பதில் வருகிறது. ஊரில் யாரும் தன்னை அழைத்திராத அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து ஒரு கை சடையைப் பற்றி இழுக்கிறது. ஷிப்ட் முடிந்து, இரும்புத் தூள் படிந்த சட்டையோடு நிற்கிறான் அண்ணன் அன்புராஜ். "ஊட்ல டியூசன்னு சொல்லிட்டு இங்க எவன்கூட பேசிக்கினு கீற?" குனிந்து திரையைப் படிக்கிறான். "யாருடி இந்த திலக்? எங்க கீறான்? அவன் கைய கால ஒடைக்காம உடமாட்டேன்." பக்கத்துத் தடுப்புகளில் கீபோர்டு சத்தம் நின்றுபோகிறது. சடை அண்ணன் பிடியில் இருப்பதால் தலை பின்னால் சாய்ந்தே கிடக்கிறது. இத்தனை வருஷமாக எண்ணெய் தேய்த்து, பின்னி, ரிப்பன் கட்டிவிட்ட அத்தனை கைகளின் மேலும் கோபம் பொங்குகிறது. "ஒடை" என்கிறாள் திலகவதி, பல்லைக் கடித்துக்கொண்டு. "நான்தான் திலக்."