வச்சுக் கேளுடா

அரை மார்க்கில் இதயவியல் படிப்பு கைநழுவிப் போனதால், டாக்டர் மாசிலாமணி முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் காய்ச்சலும் பேதியும் பார்த்தார். ஆனாலும் யார் வந்தாலும் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடி, முழுசாக ஒரு நிமிஷம் கேட்பார். இதயத்தில் ஓட்டையோ, கசியும் வால்வோ, எதுவும் அவர் காதுக்குத் தப்பியதில்லை. கேட்டதைச் சீட்டில் எழுதி, அந்தப் படிப்பில் இடம் கிடைத்த வகுப்புத் தோழன் தேவசகாயத்திடமே நோயாளியை அனுப்பிவைப்பார். தேவசகாயம் ஊரறிந்த இதய நிபுணரானார்.

இப்போது மாசிலாமணியே மூச்சுத்திணறி தேவசகாயத்தின் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். தேவசகாயம் எக்கோ ஸ்கேன் ஸ்கிரீனைப் பார்த்தார். கூட வந்த ஜூனியர்களிடம், "எனக்குப் பாதி கேஸ் இவன் காது அனுப்பினதுதான்" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

"டேய் தேவா, ஒரு தடவை வச்சுக் கேளுடா."

"எக்கோவே எடுத்தாச்சு, அப்புறம் என்னடா?" என்றாலும், தேவசகாயம் திரும்பி வந்து ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை நண்பரின் மார்பில் வைத்தார். மாசிலாமணி பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"சும்மா கடிகாரம் மாதிரி அடிக்குதுடா."

மாசிலாமணி கண்ணைத் திறந்தார். காதில் மாட்டும் முனைகள் இரண்டும் தேவசகாயத்தின் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன.