மூக்கில்லாத அரசன்

எங்கள் ஊர் ரெயில் ஸ்டேசன் சுவரில், அந்தக் காலத்துக் கப்பலோட்டிய அரசனை ஊர்ச்சனம் வரைவித்தது. மூக்கு மட்டும்தான் பாக்கி.

"இண்டைக்கும் அழிஞ்சு கிடக்கு, ஐயா," என்றான் ஓவியன் பஞ்சலிங்கம். "வெத்திலை போட்ட ஆரோ சுண்ணாம்புக் கையைத் துடைச்சிருக்கினம்."

"எங்கடை சனத்துக்கு அரசனும் சுவர்தான்!" முக்காலியில் அமர்ந்தார் சுருட்டு வியாபாரி தம்பிஐயா. அவர் முகத்தைப் பார்த்துத்தான் அரசனை வரைகிறான். மனைவி செத்து ஆறு வருடம். வீட்டில் அவரோடு கதைப்பது பல்லி மட்டும். இங்கேயோ பதினைந்து நாளாக மூக்கைக் காட்டியபடி வாய் ஓயாமல் கதைக்கிறார்.

ஸ்டேசன் மாஸ்டர் வந்தார். "நாளைக்குக் கொழும்புத் துரை இந்தச் சுவர்ப் படத்தைப் பார்க்க வாறார். இண்டைக்கே முடிச்சுப் போடும், பஞ்சலிங்கம்."

"ஓம், முடிக்கிறன்."

"முடிச்சால் நீர் போயிடுவீர், என்ன?" என்றார் தம்பிஐயா.

"ஓம் ஐயா. அச்சுவேலியிலை தேர் வேலை இருக்கு."

மத்தியானம் மூக்கு முடிந்தது. "வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தம்பிஐயா வீட்டுக்குப் போனார்.

பின்னேர வண்டி போனதும், ஆளில்லாத ஸ்டேசனுக்குள் ஈரத் துவாய்த் துண்டோடு பதுங்கி வந்தார். நாற்பது வருட வியாபாரத்தில்கூடச் செய்யாத களவு.

அரசனுக்கு மூக்கு இல்லை. பக்கத்தில் பஞ்சலிங்கம், அவன் கையில் ஈரத் துணி.

"அப்ப, சுண்ணாம்புக் கை?"

"எல்லா நாளும் நான்தான், ஐயா." அவன் தலை குனிந்தான். "வேலை முடிஞ்சால் எந்த ஊரிலையும் என்னோடை ஒருத்தரும் கதைக்கிறேல்லை."

தம்பிஐயா தன் துவாயை நீட்டினார்.

"மூக்கு ஒரு நாள் வேலைதானே, தம்பி. காதையும் சேர்த்துத் துடையும்."