பதினான்காவது நாற்காலி

“பதிமூணா? நல்லா எண்ணினியா அன்செல்ம்?”

“மூணு தடவை எண்ணிட்டேன் ஐயா. செனட்டருக்குக் கால் வீங்கிப்போச்சாம். வர முடியாதுன்னு இப்பத்தான் ஆள் வந்து சொல்லிட்டுப் போறான்.”

காஸ்பார் பிரபு தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு ராஜாக்களுக்கும் ஒரு சக்கரவர்த்திக்கும் தூதராக இருந்தவர். குடியரசு வந்தபின் ஆறு வருடமாக அவரைச் சீந்துவார் இல்லை. இன்றைக்குத்தான் விடிவு. புது மந்திரியின் செயலாளர் தெல்மாஸ் விருந்துக்கு வருகிறார். பிரபுவை வியன்னாவுக்குத் தூதராக நியமிக்கும் கடிதம் அவர் பையில். பேசிப் பார்த்துப் பிடித்திருந்தால் கொடுப்பார்; இல்லாவிட்டால் மந்திரியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். தெற்கிலிருந்து புதிதாக வந்தவர் என்பதால் அவர் முகம்கூட யாருக்கும் தெரியாது.

ஒரே மேஜையில் பதிமூன்று பேர் உட்கார்ந்தால், வருடம் திரும்புவதற்குள் ஒரு சாவு விழும் என்று எல்லாரும் நடுங்குவார்கள். தெல்மாஸ் கரண்டியைக்கூடத் தொடமாட்டார்.

“ஓடு! பதினாலாவது ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டு வா.”

பாரிசில் அதற்கென்றே ஆட்கள் உண்டு. மாலை ஐந்து மணிக்கே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டில் காத்திருப்பார்கள். வீட்டுக்காரர் எந்தப் பெயர் சொல்லி அழைத்தாலும் அன்றைக்கு அதுதான் அவர்கள் பெயர். எது சொன்னாலும் ஆமாம் போடுவார்கள்.

“என்ன பேரு வைக்கட்டும் ஐயா?”

“ஏதாவது ஒரு ‘பாரோன்’ பட்டம் வை. வாயைத் திறக்காம கடைசி நாற்காலியில உட்காரட்டும்.”

ஆண்களுக்கு மட்டுமான அரசியல் விருந்து. பிரபுவின் மனைவி எலோடி மாடியிலேயே இருந்துகொண்டாள்.

‘பாரோன்’ வந்து கடைசி நாற்காலியில் அமர்ந்தார். சற்று நேரத்தில் வெள்ளைத் தாடியை அழகாகக் கத்தரித்த ஒருவர் நுழைந்தார். பிரபு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க தெல்மாஸ், வாங்க! உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்!”

“என் பாக்கியம், பிரபு.”

சூப் முடிந்து மீன் வந்தது. பிரபு மெல்ல ஆரம்பித்தார். “ராஜாக்கள்கிட்ட வேலை பார்த்தவன்னு என்னைக் குறை சொல்றாங்களாமே?”

“அதுக்குப் பேரு அனுபவம் பிரபு!”

“வியன்னாவுக்கு வேற யாரையும் யோசிக்கிறாங்களோ?”

“உங்களை விட்டா யாரு இருக்கா?”

பிரபுவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. “அப்போ அந்தக் கடிதம்...?”

“நல்ல காரியத்துக்கு என்ன அவசரம்? வாத்துக்கறி பிரமாதம்!”

நாளைக்கே கடிதம் வந்துவிடும் என்று பிரபு முடிவுகட்டிவிட்டார். விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது எலோடி படியிறங்கி வந்தாள்.

“பெட்டியைக் கட்டு எலோடி! வியன்னா நமக்குத்தான்!”

“அப்பாடா! பதிமூணு பேருன்னு சமையல்காரி சொன்னதும் எனக்கு உயிரே இல்லை. உடனே வேலைக்காரியை அனுப்பி, பதினாலாவது ஆள் ஒருத்தரை வரவழைச்சேன். வெள்ளைத் தாடிக்காரர். ஒழுங்கா நடந்துக்கிட்டாரா?”

பிரபு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“வெள்ளைத் தாடியா? அவரு... நான்தானே அன்செல்மை அனுப்பி வேற ஆளை... அப்போ தெல்மாஸ் வரவே இல்லையா?”

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அன்செல்ம் பெருமையாக நிமிர்ந்தான்.

“அதை ஏன் கேக்கறீங்க ஐயா! உள்ள தெல்மாஸ் ஐயா உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, வாசல்ல ஒருத்தன் வந்து ‘நான்தான் தெல்மாஸ்’ங்கறான்! ஓசிச் சாப்பாட்டுக்கு வந்த பயன்னு புரிஞ்சுபோச்சு. முத்திரை வச்ச கவர் ஒண்ணை வேற ஆட்டி ஆட்டிக் காட்டினான். நானும் வண்டிக்காரனுமா கழுத்தைப் பிடிச்சுத் தெருவுல தள்ளிட்டோம்!”