இன்னும் கொஞ்சம் தெளிவாக

கணினியின் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றலாமா என்று மூன்று மாதமாக யோசித்தேன். கடைசியில், பழையதே போதுமா என்று பார்க்க, பத்து வருடம் கழித்து நம் வீடு எப்படியிருக்கும் என்று காட்டும் செயலியைத் திறந்தேன். திரையில் நான், தொப்பையும் வழுக்கையுமாக, கணினி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

“இதுல நான் எங்கங்க?” என்றாள் என் மனைவி சுகிர்தா.

“பழைய கார்டு. ரெண்டு பேரைச் சேர்த்துக் காட்டத் திணறுது.”

“நாம சேர்ந்து உக்காந்து சாப்பிட்டே மாசக்கணக்காச்சு, தெரியுமா?”

“ம்” என்றபடி புதுக் கார்டை ஆர்டர் செய்தேன்.

புதுக் கார்டில் படம் பளிச்சென்று இருந்தது. என் காதோர நரைமுடிகூடத் தெரிந்தது. படத்தில் எனக்குப் பின்னால் தெரிந்த, சுகிர்தா ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டிவைக்கும் கண்ணாடியில்தான் ஒரு பொட்டுகூட இல்லை.

அவ்வளவு சின்னப் பொட்டுக்கு இந்தக் கார்டு போதாது போலிருக்கிறது. அடுத்த மாதம் இதைவிட நல்லது வருகிறதாம்.