தோள் மாற்றும் இடம்

அயல்நாட்டில் நடந்த உலகக் கத்தோலிக்க இளைஞர் கூடுகையில், ஒரு பெரிய மரச்சிலுவையை ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளும் சற்றுத் தூரம் சுமந்து அடுத்தவர்களிடம் ஒப்படைத்தார்கள். நம் நாட்டு முறை வந்தபோது ஒருபுறம் ஜெசிந்தா தோள் கொடுத்தாள். மறுபுறம் அவள் பங்குக் கோயிலின் இளைஞர் இயக்கத் தலைவன் அருளப்பன். ஊர்த் திருவிழாவில் அவன் தெருக்காரர்கள் இழுக்கும் மாதா தேர், ஜெசிந்தாவின் தெருமுனையோடு திரும்பிவிடும். அவள் தெருக்காரர்கள் யாரும் தேர் வடத்தைத் தொடக் கூடாது. இங்கே முகம் தெரியாத வெள்ளைக்காரி ஒருத்தி ஜெசிந்தாவின் போனை வாங்கி, சிலுவையோடு இருவரையும் சேர்த்துப் படமெடுத்துக் கொடுத்தாள்.

சிலுவை கைமாறியதும் அருளப்பன் அருகில் வந்தான்.

"அந்தப் போட்டோவ பங்கு குரூப்புல போட்டுராத, என்ன. எனக்கு ஒண்ணுமில்ல. ஊர்ல பெரியவங்க தப்பா எடுத்துக்குவாங்க."

ஜெசிந்தாவுக்குத் தோள்பட்டை இன்னும் எரிந்தது. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள்.

"கைய நீட்டுங்கண்ணே."

குடிக்கத்தான் என்று நினைத்து அவன் நீட்டினான். அவள் ஊற்றினாள். விரலிடுக்கில் வழிந்து அவன் காலணி நனைந்த பிறகும் நிறுத்தவில்லை.

"போதும், எதுக்கு இவ்வளவு?"

"நல்லா கழுவுங்கண்ணே. இயேசுவ சிலுவைக்குக் குடுத்துட்டுக் கை கழுவுன பிலாத்துக்கும் இப்படி யாராச்சும் ஊத்தித்தான் இருப்பாங்க."