ஒரே ஒரு போன்

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே செல்போனைப் பார்த்த கேப்டனுக்குத் தலை சுற்றியது. 'உங்கள் டிக்கெட்டுகள் ரத்து செய்யப்பட்டன.'

அவர் விமானம் ஓட்டும் கேப்டன் இல்லை. மருந்துக் கம்பெனியில் விற்பனை மேலாளர். ஓயாமல் பறந்து மைல் சேர்க்கிறவர்களின் இணையக் குழுவுக்கு அட்மின், அதனால் வந்த பட்டப்பெயர். அந்த மைலைக் கொடுத்தால் இலவச டிக்கெட் கிடைக்கும். அவர் கணக்கில் மட்டும் ஏழு லட்சம் மைல். செலவழித்தால் எண் குறைந்துவிடும் என்று அதில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

மூன்று நாள் முன்பு ஒரு விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டர், பிசினஸ் கிளாஸ் கட்டணத்தில் ஒரு பூஜ்யத்தை விழுங்கிவிட்டது. பதினோரு மணி நேரப் பயணம், கால் நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம். முதலில் மோப்பம் பிடித்தவர் கேப்டன்தான். தனக்கும் மனைவிக்கும் இரண்டு போட்டுவிட்டுக் குழுவுக்குச் சொன்னார். விமானம் போவது அவருடைய தங்கை இருக்கும் ஊருக்குத்தான். ஆனால் அவளைப் பார்ப்பதைவிட, அந்தப் படுக்கையைப் படம் பிடித்துக் குழுவில் போடுவதில்தான் அவருக்கு அவசரம்.

கூடவே கண்டிப்பாக ஒரு விதி. விமானம் ஏறும்வரை யாரும் கம்பெனிக்கு போன் பண்ணக் கூடாது. பண்ணினால் அங்கே யாராவது விலையைப் பார்த்து விழித்துக்கொள்வார்கள், எல்லோர் வாயிலும் மண்.

யாரோ பண்ணிவிட்டார்கள்.

இருநூறு பேரும் கொதித்தார்கள். தேனிலவே போச்சு என்று ஒருவர் புலம்பினார்.  கேப்டன் குழுவில் தட்டினார்.

"அந்தப் புண்ணியவான் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள பேரைப் போடுறேன். அதுக்கப்புறம் எந்தக் குழுவுலயும் தலைகாட்ட முடியாது."

மத்தியானமே துப்புக் கிடைத்தது. உறுப்பினர் ஒருவரின் நண்பர் அந்தக் கம்பெனியில் போன் எடுக்கிற வேலையில் இருந்தார்.

"கேப்டன், பண்ணது ஒரு லேடி. தன் டிக்கெட்டை வேற பேருக்கு மாத்தணும்னு கேட்டிருக்காங்க. எழுபத்துநாலு வயசு அம்மாவுக்காம். மூட்டு வலியாம், வீல்சேர் வேணுமாம்."

'அறிவு கெட்ட ஜென்மம்' என்று பாதி தட்டியவரின் விரல் அப்படியே நின்றது.

அடுத்த அறையில் அவருடைய அம்மா, வீங்கிய முழங்காலை முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன மாதம்தான் எழுபத்துநாலு முடிந்தது.

கேப்டன் மெதுவாகப் படுக்கையறைக்குப் போனார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

அவள் மறைக்கவில்லை. பேரை மாற்ற முடியுமா என்றுதான் கேட்டாளாம். இப்படி ஆகும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? இருநூறு பேருக்கு விதி போட்டவர் வீட்டில் சொல்ல மறந்திருந்தார்.

"அத்தையால அத்தனை மணி நேரம் உட்கார முடியாதுங்க. படுத்துக்கிட்டுன்னா போயிடுவாங்க. எனக்கு எதுக்கு படுக்கை? அதான் என் இடத்தை அவங்களுக்குக் குடுத்துடலாம்னு நினைச்சேன்."

 ஆனாலும் கேப்டனை மானம் விடவில்லை. பேரைப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேனே, இருநூறு பேர் காத்திருக்கிறார்களே, இனி எந்த முகத்தோடு அவர்களிடம் பேசுவேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மனைவி கடைசிச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தாள்.

"என் பேரையே போடுங்க. கூடவே இன்னொண்ணும் போடுங்க. ஏழு லட்சம் மைல் வச்சிருக்கிற கேப்டனோட அம்மா, பெத்த பொண்ணைப் பார்த்து ஆறு வருஷம் ஆச்சுன்னு."