சீறினால் நெத்திலி

தமயந்தியின் வீட்டில் நான்கு வருஷமாகத் தனியாட்சி நடத்திவந்தது சீமாட்டி என்கிற பூனை. ஒருநாள் தமயந்தி பொட்டு என்ற குட்டியைக் கொண்டுவந்து உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

கதவிடுக்கில் மோந்து பார்த்த சீமாட்டி "உஸ்ஸ்!" என்று சீறியது. தமயந்தி பதறிப்போனாள். "கோவிச்சுக்காதடி கண்ணு" என்று வறுத்த நெத்திலி போட்டாள். பயந்திருக்குமே என்று குட்டிக்கும் போட்டாள்.

அவள் வேலைக்குக் கிளம்பியதும் சீமாட்டி கதவருகே வந்தது.

"ஏய் குட்டி, நெத்திலி எப்படி?"

"அருமை அக்கா. இன்னும் கிடைக்குமா?"

"நாம சண்டை போடுற வரைக்கும் கிடைக்கும். சமாதானமாயிட்டா வெறும் தயிர்சாதம்தான்."

"எனக்குச் சீறத் தெரியாதே!"

"மூக்கைச் சுருக்கித் தும்மு, போதும்."

சில நாளில் உள்ளறைக் கதவும் திறந்தது. தமயந்தி இருந்தால் இரண்டும் சீறின. போனதும் கட்டிப்புரண்டு விளையாடின. நெத்திலி தவறாமல் வந்தது.

ஒரு மத்தியானம் தமயந்தி சீக்கிரமே திரும்பிவிட்டாள். சீமாட்டியின் வயிற்றில் தலைவைத்துப் பொட்டு தூங்கிக்கொண்டிருந்தது.

சீமாட்டி ஒரு கண்ணைத் திறந்தது. "சீறுடி!"

தூக்கக் கலக்கத்தில், வைத்த தலையை எடுக்காமலே, பொட்டு தும்மியது. தமயந்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாயங்காலம் இரண்டு தட்டிலும் தயிர்சாதம்.

"ஒழுங்கா ஒரு சீறல் வருதா உனக்கு?" என்றது சீமாட்டி.

"முதல்ல தூங்கினது நீங்கதானே!" என்று பொட்டு அதன் காதைக் கடித்தது. சீமாட்டி பாய்ந்து அறைந்தது. முடி பறந்தது, தட்டு கவிழ்ந்தது.

"நடிங்க, நல்லா நடிங்க" என்றபடி தமயந்தி நெத்திலி டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றினாள்.